இரண்டு விரல் இடைவெளி

இது ஒரு வண்டிக் கதை. கொஞ்சம் நீளம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என்னிடம் இருப்பது எல்லாத் தெருவிலும் நிற்கிற நூறு சிசி வண்டி. கம்பெனி பேர் வேண்டாம். குறை அதனிடம் இல்லை என்பது பின்னால் தெரியவரும், வீண்பழி எதற்கு? 2011-இல் வாங்கினேன். பணியில் இருந்தவரை பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தது. ஓய்வுக்குப் பிறகு கைலாசபுரத்துக்குள் காய்கறி, பால், ரேஷன், மாதம் இரண்டு மூன்று முறை துணைவியாரோடு ஸ்ரீரங்கம். அதன் உலகம் அவ்வளவுதான்.

போன ஆடி மாதம் ஆரம்பித்தது. ஒன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு மிதித்தால் ‘டக்’கென்று ஒரு சத்தம். முதலில் காதில் விழுந்தது, பிறகு காலிலும் தெரிய ஆரம்பித்தது. கியர் லீவர் கல்லை மிதிப்பது போல இறுகிக் கிடந்தது. சிக்னலில் நின்றால் நியூட்ரல் விழாது. பச்சை விளக்கு ஒரு நொடி எரியும், காலை எடுத்தால் அணையும். கிளட்சைப் பிடித்துக்கொண்டே நின்றாலும் வண்டி முன்னால் நகரப் பார்க்கும். தெருவில் போகும் மாட்டைக் கண்ட கன்றுக்குட்டி கயிற்றை இழுக்குமே, அப்படி.

முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் இல்லையா, காரணத்தை நானே கண்டுபிடித்துவிடுவேன் என்று இறங்கினேன். முதல் குற்றவாளி என் செருப்பு. அடி தேய்ந்து வழுக்குகிறது, அதனால்தான் கியர் சரியாக விழவில்லை என்று புதுச் செருப்பு வாங்கினேன். ஒன்றும் மாறவில்லை. அடுத்தது செயின். தொங்கிக் கிடந்தது உண்மைதான். இறுக்கினேன், சடசடப்பு குறைந்தது, ‘டக்’ போகவில்லை. அப்புறம் ஆயில். மாற்ற வேண்டிய நாளைத் தாண்டியிருந்தது, மாற்றினேன். இரண்டு நாள் நன்றாக இருப்பது போலத் தோன்றியது. மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

ஓட்டுகிற பலருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. எனக்கும் தெரியாதுதான். மெக்கானிக் கடையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கியர் பெட்டிக்குள் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்துத்தான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நாம் கியர் மாற்றும்போது பல்லும் பல்லும் புதிதாகப் போய்ச் சேர்வதில்லை. ஒரு சக்கரம் பக்கவாட்டில் நகர்கிறது. அதன் பக்கத்தில் இருக்கும் தடித்த முளைகள் அடுத்த சக்கரத்தின் குழிக்குள் போய் உட்கார்ந்து கொள்கின்றன. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் சுற்றினால் சத்தம் இருக்காது. வேகம் வேறுபட்டால் முளை குழிக்குள் விழாமல் விளிம்பில் மோதும். அதுதான் ‘டக்’.

அந்தக் காலத்தில் சத்திரம் பேருந்து நிலையத்தில் நகரும் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இது சட்டென்று புரியும். பஸ்ஸோடு கூட நாலடி ஓடிவிட்டுப் படியில் கால் வைத்தால் சுகமாக ஏறலாம். நின்ற இடத்திலிருந்து கம்பியைப் பிடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும். (இதைப் பிள்ளைகளிடம் உதாரணமாகச் சொல்லாதீர்கள், செய்து பார்ப்பார்கள்.)

கியர் மாறும் அந்த ஒரு நொடிக்கு எஞ்சினின் பிடி விலக வேண்டும். அந்த வேலைதான் கிளட்சுடையது. எண்ணெயில் ஊறிக் கிடக்கும் வட்டத் தகடுகள் ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும். இடது கையால் லீவரை இழுத்தால் அழுத்தம் குறைந்து தகடுகள் விலகும். பாதி விலகி மீதி ஒட்டிக்கொண்டிருந்தால், எஞ்சின் கியர் பெட்டியை இழுத்துக்கொண்டே இருக்கும். முளை மோதும், நியூட்ரல் விழாது, நிற்கிற வண்டி நகரப் பார்க்கும். மெக்கானிக்குகள் இதைக் ‘கிளட்ச் டிராக்’ என்கிறார்கள். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது முதல் கியரில் வரும் சின்ன ‘டக்’ எல்லா வண்டிக்கும் உண்டு. அதற்காக யாரும் பயப்பட வேண்டாம்.

நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு தலைமையாசிரியர் புல்லட் வைத்திருந்தார். 1955-இலிருந்து நம் சென்னைத் திருவொற்றியூரில் உருவாகிவந்த வண்டி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஒன்று மேலே, மூன்று கீழே. அவர் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை வெறுமனே கிக்கரை உதைப்பார். சாமி கும்பிடுவது மாதிரி ஏதோ வழக்கம் என்று நினைத்திருந்தேன். இரவெல்லாம் ஒட்டிக்கொண்ட கிளட்ச் தகடுகளைப் பிரித்துவிடுவதற்காம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு அறுபத்தைந்து வயதாக வேண்டியிருந்தது. சார் இருந்திருந்தால் கேட்டுச் சிரித்திருப்பார்.

விஷயத்துக்கு வருகிறேன்.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. ஸ்ரீரங்கம் போகக் காலையிலேயே கிளம்பிவிட்டோம். திருவெறும்பூர், காட்டூர், அரியமங்கலம் தாண்டிப் பால்பண்ணை. அங்கே எந்த நேரமும் நெரிசல் என்பது திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டிகள் நின்றன. நானும் கிளட்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நியூட்ரலுக்கு மிதித்தேன், விழவில்லை. மறுபடி மிதித்தேன். வண்டி மெல்ல நகர்ந்து முன்னால் நின்ற ஆட்டோவின் பின்புறத்தில் போய் முட்டியது. பலமாக இல்லை, முத்தம் கொடுத்த மாதிரி. எஞ்சின் அணைந்தது. அதே நேரம் வழி கிடைத்துவிட்டது. பின்னால் ஒரு லாரி ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை.

துணைவியார் இறங்கிவிட்டார். நடுரோட்டில், பூக்கூடையோடு, இரண்டு பக்கமும் வண்டிகள் உரசிக்கொண்டு போக, எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் நின்றார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கல்லூரிப் பையன் ஒருவன் தன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஓடிவந்து எங்கள் வண்டியைத் தள்ளிக்கொடுத்தான். “தாத்தா, பாத்துப் போங்க” என்றான். தாத்தா என்றது கூடப் பரவாயில்லை.

ஓரமாக வந்ததும் துணைவியார் கேட்டார்: “ஏங்க, வண்டிதானே? இல்ல உங்களுக்கு ஏதாவது பண்ணுதா?”

“வண்டிதான்” என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன்.

திங்கட்கிழமை மெக்கானிக்கிடம் போனேன். உங்கள் பழைய மாணவனா சார் என்று கேட்பீர்கள். இல்லை. ஆசிரியர்கள் எழுதும் கதையில் எல்லாம் மெக்கானிக், கலெக்டர், டாக்டர் என்று எல்லாரும் பழைய மாணவர்களாகவே வருகிறார்கள். இந்தத் தம்பி மணப்பாறைப் பக்கத்துக்காரர், நான் எழுத்துக் கற்றுக்கொடுத்தவர் இல்லை. அதனால்தானோ என்னவோ என்னிடம் பயமில்லாமல் பேசினார்.

முதலில் வண்டியை அணைத்து வைத்து, பின்சக்கரத்தைக் கையால் உருட்டிக்கொண்டே ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு விழுந்தது. “கியர் பாக்ஸ் கல்லு மாதிரி இருக்கு சார், அதுல ஒண்ணுமில்ல. கிளட்சுதான் முழுசா விட மாட்டேங்குது” என்றார். கேபிளைப் பார்த்தார். உள்கம்பியில் இரண்டு இழை அறுந்திருந்தது. புதுக் கேபிள் போட்டு, லீவர் நுனியில் ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் தளர்வு இருக்கும்படி வைத்துக் கொடுத்தார். அந்தத் தளர்வு இருந்தே ஆக வேண்டுமாம். அதிகமானால் தகடு முழுதாக விலகாது. சுத்தமாக இல்லாவிட்டால் தகடு முழுதாகக் கவ்வாமல் வழுக்கி வழுக்கித் தேய்ந்து கருகிவிடும்.

நான் ஓட்டிப் பார்த்தேன். ‘டக்.’

அவர் வாங்கி ஓட்டினார். பெட்ரோல் பங்க் வரை போய் வந்தார். ஒரு சத்தம் இல்லை. என் எதிரில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே ஒற்றை மிதியில் நியூட்ரல் போட்டுக் காட்டினார்.

மறுபடி நான். மறுபடி ‘டக்.’

“சார், நீங்க உக்காருங்க. எஞ்சின் வேணாம். சும்மா கிளட்ச் புடிங்க” என்றார். பிடித்தேன்.

“முழுசாப் புடிங்க.”

“முழுசாத்தாம்பா புடிச்சிருக்கேன்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிரீஸ் படிந்த தன் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, என் லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் நுழைத்தார். இரண்டு விரலும் தாராளமாகப் போயிற்று. பிறகு தன் கையை என் கைமேல் வைத்து அழுத்தினார். லீவர் கைப்பிடியைத் தொட்டது. அதுவரை நான் பிடித்திருந்தது பாதிதான்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முயன்றேன். இரண்டு விரல் இடைவெளி அப்படியே இருந்தது. என் கை முழுதாக மூடிவிட்டது என்றுதான் என் மூளை சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்தால்தான் மூடவில்லை என்று தெரிகிறது.

கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். தம்பி குரலைத் தணித்துக்கொண்டு, “சார், வண்டிக்கு ஒண்ணும் இல்ல. கையக் காட்டுங்க” என்றார். யாரிடம் என்று சொல்லவில்லை. கேபிளுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

அன்று வண்டியை ஓட்டாமல் உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். டவுன்ஷிப் சாலைகள், பெரிய மரங்கள். இதே கைலாசபுரத்தில்தான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அப்பா பெல் தொழிற்சாலையில் வெல்டர். அறுபதுகளில் செக்கோஸ்லோவாக்கியா நாட்டு ஒத்துழைப்போடு வந்த கொதிகலன் ஆலை அது. எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அடுத்த வீட்டு மாமா ஜாவா வைத்திருந்தார். அந்த வண்டியும் செக் நாட்டு வடிவமைப்பு. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி செய்தது, 1973-க்குப் பிறகு யெஸ்டி என்று பேர் மாறியது. அப்பாவின் பாய்லரும் மாமாவின் ஜாவாவும் ஒரே கடையில் வாங்கியவை என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

அந்த ஜாவாவில் ஒரு விசேஷம். கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே. ஸ்டார்ட் செய்ததும் அதே கோலை இறக்கிவிட்டுக் கியர் போடலாம். அதைவிடப் பெரிய விசேஷம், கியர் லீவரை மிதித்தாலே உள்ளிருக்கும் அமைப்பு கிளட்சையும் சேர்த்து விடுவித்துவிடும். ஓடும்போது கை லீவரைத் தொட வேண்டியதில்லை. மாமா இடது கையைத் தொடையில் வைத்துக்கொண்டு கியர் மாற்றிக் காட்டுவார். நாங்கள் மந்திரம் பார்ப்பது போலப் பார்ப்போம். 1979-இல் எனக்குக் கற்றுக்கொடுக்கும்போது மட்டும், “கிளட்ச முழுசாப் புடிடா, அரைகுறையாப் புடிக்காதே” என்று பின்மண்டையில் தட்டினார். இந்த வண்டியில் பழகிக் கையைச் சோம்பேறியாக்கினால் வேறு வண்டி ஓட்ட வராது என்பது அவர் வாதம்.

உருட்டிக்கொண்டு வரும்போது அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. கூடவே வேறு சிலவும் ஞாபகம் வந்தன. அவற்றைத்தான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

சித்திரையிலிருந்தே இரவில் இடது கை மரத்துப்போய் விழித்துக்கொள்வேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் எறும்பு ஊர்வது போல இருக்கும். எழுந்து உட்கார்ந்து கையை நாலு உதறு உதறினால் சரியாகிவிடும், மறுபடி படுத்துக்கொள்வேன். இரண்டு முறை காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. ‘டம்ளர்ல எண்ணெய்ப் பிசுக்கு’ என்று துணைவியார் மேல் பழியைப் போட்டேன். சட்டையின் வலது கைப் பொத்தானைப் போட முடியாமல் முழுக்கைச் சட்டையை நிறுத்திவிட்டு அரைக்கைச் சட்டைக்கு மாறினேன். வெயில் என்று காரணம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது. வீட்டுப்பாடம் எழுதாத பையன்கள் என்னிடம் எத்தனை காரணம் சொல்லியிருப்பார்கள், கேட்டவுடனே பொய் என்று தெரிந்துவிடும் எனக்கு. என் பொய் எனக்குத் தெரியவில்லை.

உண்மையில் பயம். பக்கவாதத்தின் ஆரம்பமோ என்று நினைத்தேன். அப்பாவுக்கு வந்தது. டாக்டரிடம் போனால் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவாரோ என்றுதான் போகவில்லை. போகாமல் இருந்தால் வராது என்பது போல.

அன்றிரவு துணைவியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “டம்ளர் விழுந்த அன்னிக்கே தெரியும். நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்” என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, “அந்தக் கைய நம்பித்தான் பின்னால உக்காந்து வந்திருக்கேன்” என்றார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

டாக்டர் என் மணிக்கட்டின் உள்பக்கம் விரலால் தட்டினார். நடுவிரல் வரை சுரீர் என்றது. இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொன்னார். அரை நிமிடத்திலேயே எறும்பு ஊர ஆரம்பித்தது. நரம்பில் மின்னோட்டம் செலுத்திப் பார்க்கும் பரிசோதனையும் நடந்தது. பக்கவாதம் இல்லை. மணிக்கட்டில் ஒரு குறுகலான வழி இருக்கிறது. எலும்புகளும் ஒரு பட்டையும் சேர்ந்த சுரங்கம் மாதிரி. விரல்களை மடக்கும் தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்தான் போகின்றன. உள்ளே வீங்கினால் நரம்பு நசுங்குகிறது. ‘கார்ப்பல் டனல்’ என்று சொல்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருமாம். எனக்குச் சர்க்கரை பதினோரு வருடமாக உண்டு.

பதிவு எழுதும் சாக்கில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கை திடீரென்று ஒரு பக்கமாக விழுந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அது வேறு. அதற்கு ஒரு நிமிடம் கூடக் காத்திருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். என்னைப் போல ஆறு மாதம் யோசித்துக்கொண்டிருக்காதீர்கள்.

எனக்கு இரவில் மணிக்கட்டு மடங்காமல் இருக்க ஒரு பட்டை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கக் கண்டிப்பு. ஆறு வாரம் பார்த்துவிட்டு முன்னேற்றம் இல்லையென்றால் சின்ன அறுவை சிகிச்சை. அதுவரை கிளட்ச் வைத்த வண்டி கூடாது.

மகனிடம் தொலைபேசியில் சொன்னதும் கியர் இல்லாத ஸ்கூட்டர் பற்றி ஆரம்பித்துவிட்டான். இடது கைக்குக் கிளட்ச் பிடிக்கும் வேலையே இல்லை, முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும் என்கிறான். தெரியும். 1987-இல் நான் முதன்முதலாக வாங்கியது டிவிஎஸ் 50. அதிலும் கியர் இல்லை, கிளட்சும் இல்லை. அந்த நாள் ஆசிரியர்களில் பாதிப் பேர் அதில்தான் கேரியர் டிபனை மாட்டிக்கொண்டு போனார்கள். அதிலிருந்து கியர் வண்டிக்கு மாறியபோது ஏதோ பதவி உயர்வு கிடைத்தது போல இருந்தது. திரும்பிப் போக மனம் இடம் கொடுக்கவில்லை. பார்ப்போம், கை என்ன சொல்கிறதோ.

மெக்கானிக் தம்பியிடம் ஒரு குறுக்குவழியும் கேட்டுப் பார்த்தேன். கேபிளை இன்னும் இறுக்கி, பாதி பிடித்தாலே கிளட்ச் விலகும்படி செய்ய முடியாதா என்று. “செய்யலாம் சார். தகடு போயிரும். தகடு போனாக்கூடப் பரவால்ல, இன்னும் கொஞ்ச நாள்ல அந்தப் பாதியும் உங்களால புடிக்க முடியலன்னா என்ன பண்ணுவீங்க?” என்றார். செய்ய மறுத்துவிட்டார்.

ஐப்பசி முழுதும் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ்தான். திருவெறும்பூரில் ஏறிச் சத்திரம், அங்கே மாறி ஸ்ரீரங்கம். காவிரிப் பாலத்தில் போகும்போது ஆற்றைப் பார்க்க முடிகிறது. இத்தனை வருடம் முன்னால் போகும் வண்டியின் நம்பர் பிளேட்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. பேட்டரி இறங்கிவிடும், வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்யுங்கள் என்று தம்பி சொல்லியிருந்தார். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்டார்ட் செய்தேன். ஏறி உட்கார்ந்து கிளட்சைப் பிடித்தேன். இந்தத் தடவை கண்ணால் பார்த்துக்கொண்டே பிடித்தேன். வலது கையைக் கொண்டுவந்து விரலை நுழைத்துப் பார்த்தேன். ஒரு விரல் போனது, இரண்டாவது போகவில்லை. கியரை மிதித்தேன். சத்தம் வந்தது, ஆனால் பழைய சத்தம் இல்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே துணைவியார் சொன்னார்: “போதும், அணைச்சிட்டு வாங்க. பஸ் போயிரும்.”